850 கிலோ இரும்புப் பெட்டி: கோவையிலிருந்து காரைக்குடி வரை

கேள்வி: கோயம்புத்தூரில் என் கணவர் நடத்திவந்த அடகுக் கடையை, அவர் காலமான பிறகு மூடிவிட்டோம். அடகுப் பொருள்களை உரியவர்கள் மீட்டுச் சென்றுவிட்டார்கள். கடையில் இருக்கும் இரும்புப் பெட்டியைக் காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஐந்தடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டேகால் அடி ஆழம். தகட்டில் 850 கிலோ என்று போட்டிருக்கிறது. பார்சல் அலுவலகத்தில் 6,800 ரூபாய் கேட்கிறார்கள்; காரைக்குடி குடோனில் நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். கனமான இயந்திரங்களை இடம் மாற்றித் தரும் ஒருவர், வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க 24,000 ரூபாய் கேட்கிறார். இந்த வித்தியாசம் நியாயமா? படுக்கவைத்து ஏற்றினால் எளிது என்று லோடுமேன் ஒருவர் சொல்வது சரியா? வீட்டுப் பத்திரங்களையும் கொஞ்சம் நகைகளையும் உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பலாமா? வீட்டில் நான்கு படி ஏறித் திண்ணையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். மாடியறையில் வைக்கலாம் என்கிறான் மகன்.
— வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகைகளையும் பத்திரங்களையும் உள்ளே வைத்து அனுப்பக் கூடாது. லாரி ரசீதில் 'பழைய இரும்புப் பெட்டி 1' என்றுதான் எழுதுவார்கள். உள்ளே இருந்ததாக நீங்கள் பிறகு சொல்லும் எதற்கும் அந்த ரசீதில் இடமில்லை, காப்பீட்டிலும் நகைக்கும் பணத்துக்கும் இடமிருக்காது. காலிப் பெட்டியாகத்தான் போக வேண்டும், அதுவும் காலியாகப் போகிறது என்பது ஏற்றுகிற ஆள்களுக்குத் தெரியும்படியாக. அவர்கள் கண்முன்னே கதவைத் திறந்து காட்டிப் பூட்டிவிடுங்கள். வழியில் யாருக்கும் எந்த ஆசையும் வராமல் இருக்க அதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை. மாடியறை வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, 6,800 ரூபாயா 24,000 ரூபாயா என்ற கேள்வி. திண்டுக்கல்லில் பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்கிற பட்டறைகளுக்கு நடுவே லாரி புக்கிங் அலுவலகம் வைத்து 26 ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரும்புப் பெட்டிக்குச் சாலையில் நேரும் சேதம் குறைவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் அது அடிபடுகிறது, ஆளையும் அடிக்கிறது. ஆகவே தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், பெட்டி எத்தனை முறை ஏறி இறங்கப் போகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பார்சலில் போட்டால், கடையில் சின்ன வண்டியில் ஏற வேண்டும். கோவைக் குடோனில் இறங்க வேண்டும். அங்கே பெரிய லாரியில் ஏறி, திருச்சியிலோ மதுரையிலோ இறங்கி, வேறு லாரியில் ஏறிக் காரைக்குடிக் குடோனில் இறங்க வேண்டும். அங்கிருந்து நீங்கள் பிடித்துவரும் வண்டியில் மறுபடி ஏறி, வீட்டு வாசலில் இறங்க வேண்டும். மொத்தம் எட்டு. ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு ஆள்கள். ஒருவர் எப்படிப் பிடித்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. தனி வண்டியில் நேராகப் போனால் ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று, இரண்டுக்கும் ஒரே ஆள்கள்.

இத்துடன், 6,800 என்பது முழுத்தொகையும் அல்ல. கோவையில் கடையிலிருந்து குடோனுக்கு, காரைக்குடியில் குடோனிலிருந்து வீட்டுக்கு, இரண்டு பக்கமும் வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்துவிடும். மூட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பழகிய ஆள்கள், அசையாத பெட்டியைப் பார்த்தபின் கேட்கிற தொகை தனிக்கணக்கு. நூறு கிலோ மூட்டைகளைத் தூக்கிப் பழகிய அவர்களிடம் உங்கள் பெட்டியை நகர்த்தும் கருவி இருக்காது; கடப்பாரையும் தைரியமும் மட்டும் இருக்கும். தைரியம்தான் எனக்குப் பயம்.

இந்தப் பெட்டிகள் பார்ப்பதற்கு ஒரே வார்ப்பு இரும்பு போலத் தோன்றினாலும் அப்படி அல்ல. உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே, தீயைத் தாங்குவதற்காகக் கான்கிரீட் போன்ற ஒரு கலவையை நிரப்பியிருப்பார்கள். எடையில் கணிசமான பங்கு அதுதான். கதவுதான் எல்லாவற்றிலும் தடிமன், பூட்டும், கதவைப் பிடித்து நிறுத்தும் தண்டுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே பெட்டியின் பாரம் நடுவில் இல்லாமல் கதவுப் பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் நின்று கடப்பாரையால் நெம்பினால் பெட்டி முன்பக்கமாகக் குப்புற விழுவது இதனால்தான். கதவைத் திறந்துவைத்து நகர்த்தினால் இன்னும் மோசம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நல்ல பெட்டிகளின் கதவுக்குள், உடைப்பவனை ஏமாற்றுவதற்காக இரண்டாவது பூட்டு ஒன்று ஒளிந்திருக்கும். சம்மட்டியால் அடித்தாலோ துளையிட்டாலோ, அந்த அதிர்ச்சியில் ஒரு வில் விடுபட்டு, தண்டுகளை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் கண்ணாடித் தகடு ஒன்று அந்த வில்லை இழுத்துப் பிடித்திருக்கும். கண்ணாடி நொறுங்கினால் பூட்டு விழும். பெட்டியைத் திருடன் அடிக்கிறானா, லோடுமேன் கீழே போடுகிறானா என்று அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய ஒரு பெட்டி, வழியில் ஒரு குடோனில் பலகை நழுவி ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தது. வெளியே பார்த்தால் ஒரு மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் சாவியைப் போட்டார், சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. கைப்பிடி மட்டும் நூலளவும் அசையவில்லை. மெக்கானிக் வந்து இரண்டு நாள் துளைபோட்டுத் திறந்தார். திறந்தபின் அது பெட்டியாக இல்லை, இரும்புக் கடைக்கு எடை போடும் சாமானாக இருந்தது.

படுக்கவைத்து ஏற்றலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. படுக்கவைக்கும்போது கடைசி அரை அடி யார் கையிலும் நிற்காது. 'தட்' என்றுதான் தரையில் உட்காரும். கதவுப் பக்கமாகவோ கீல் பக்கமாகவோ படுக்கவைப்பது எந்த நிலையிலும் கூடாது. முதுகுப் பக்கமாகப் படுக்கவைப்பதற்கு மட்டும், தயாரித்த நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டால், இடம் உண்டு. ஐந்தடி உயரப் பெட்டிக்கு அதற்கான தேவையே இல்லை. நின்ற நிலையிலேயே போகட்டும்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கோவையில் நீங்களே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. உள்ளே இருக்கும் தட்டுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி எடுங்கள். அடித்தட்டைத் தடவிப் பாருங்கள். மூடியோ மெழுகோ வைத்து அடைத்த துளைகள் இருந்தால், அதற்குள் பெட்டியைத் தரையோடு பிணைத்த போல்ட்டுகள் இருக்கக்கூடும். கடை வைத்தவர்கள் பெரும்பாலும் அடித்துவிடுவார்கள், பிறகு மறந்தும்விடுவார்கள். அதைக் கழற்றாமல் ஜாக்கி போட்டால், தரை பெயரும் அல்லது அடித்தகடு கிழியும். பிறகு கதவு திறந்திருக்கும் நிலையிலேயே சாவியைப் போட்டுத் தண்டுகளை வெளியே தள்ளிப் பார்த்து, மீண்டும் உள்ளே இழுத்துப் பாருங்கள். நான்கைந்து முறை செய்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது பூட்டு நன்றாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதன் பின் பூட்டி, இரண்டு சாவிகளையும் உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் கொடுக்க வேண்டாம். பெட்டியின் மேல் டேப் போட்டு ஒட்டி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து எடை. தகட்டில் 850 என்று இருந்தால் 850 என்றே எல்லோரிடமும் சொல்லுங்கள். வாடகை குறையும் என்று 500 கிலோ எனச் சொல்லிவிட்டால், வருகிற வண்டியும் ஆள்களும் பெல்ட்டும் 500 கிலோவுக்கு ஏற்றவையாக வரும். குட்டி யானை என்று நாம் அழைக்கும் சின்ன வண்டி சுமார் 700, 750 கிலோதான் தாங்கும். உங்கள் பெட்டிக்கு அது போதாது. ஒன்றே கால் டன்னுக்கு மேல் தாங்கும் பிக்கப் வேண்டும். பதினான்கு அடி ஈச்சர் லாரி கிடைத்தால் இன்னும் நல்லது, ஏன் என்பதைத் திண்ணையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். சந்தேகம் இருந்தால், ஏற்றியபின் எடை மேடையில் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள்.

ஏற்றும் முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பெட்டி எந்த நேரத்திலும் மனிதர் கையில் தொங்கக் கூடாது என்பதுதான். கடைக்குள் ஜாக்கியால் ஓர் அங்குலம் உயர்த்தி, அடியில் மூன்று நான்கு ஜி.ஐ. பைப்புகளைக் கொடுத்து உருட்டுவார்கள், அல்லது ஹேண்ட் பாலெட் டிரக் என்ற கைத்தள்ளு வண்டியில் வைத்துத் தள்ளுவார்கள். வாசலில் ஹைட்ரா கிரேன் வந்தால் பெல்ட் பெட்டியின் அடிவழியாகச் சுற்றி வர வேண்டும். கைப்பிடியிலோ கீலிலோ கொக்கி மாட்ட விடாதீர்கள். மேலே மின்கம்பி போகிற தெருவானால் கிரேனே வேண்டாம், பலகையும் செயின் புல்லியும் போதும். கூட்டம் கூடினால் யோசனை சொல்பவர்கள் அதிகமாவார்கள், ஆகவே காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பெட்டி சாயக்கூடிய பக்கத்தில் நிற்கக் கூடாது. பெட்டி சாயத் தொடங்கிவிட்டால் விட்டுவிட்டு விலகுவதுதான் முறை என்பதை வேலை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். உரிமையாளர் சொல்லிவிட்டால், பெட்டியைக் காப்பாற்றப் போய்க் காலை நசுக்கிக்கொள்ள யாரும் முயலமாட்டார்கள்.

வண்டிக்குள் பெட்டியின் முதுகு, டிரைவர் கேபின் பக்கத்து முன்பலகையில் சாய்ந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் மரக்கட்டை கொடுத்து அடைக்க வேண்டும். கடுமையாக பிரேக் பிடித்தால், எடையில் 80 விழுக்காடு வரை முன்னோக்கித் தள்ளும் விசை வரும் என்று கணக்கிட்டுத்தான் சரக்கைக் கட்டுவது வழக்கம். உங்கள் பெட்டிக்கு அது 680 கிலோ. அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்காது, ஆனால் வழுக்காத பெட்டி கவிழப் பார்க்கும். ஐந்தடி உயரமும் இரண்டேகால் அடி ஆழமும் உள்ள பொருளுக்கு, அதன் எடையில் பாதியளவு விசை வந்தாலே அடிப்பக்கம் தளத்தைவிட்டு எழும்பிவிடும். ஆகவே இடுப்பு உயரத்தில் ஒன்றும் தோள் உயரத்தில் ஒன்றுமாக ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டை) போட வேண்டும்; பக்கவாட்டிலும் கட்டை அடிக்க வேண்டும். நைலான் கயிறு அரை மணி ஓட்டத்தில் இளகிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பத்து இருபது கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்திப் பெல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். மழைக்காலமானால் மேலே தார்பாய் வேண்டும்.

காரைக்குடி வீட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குப் படிகளைவிடத் தரைதான் கண்முன் வந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால், அதன் மேல் பைப்பு உருட்டவே கூடாது. 850 கிலோவும் மூன்று பைப்புகளின் மெல்லிய கோட்டில் இறங்கும்போது, அந்தக் கல் நகம் பட்ட அப்பளம்போல வரிவரியாக விட்டுவிடும். முக்கால் அங்குல பிளைவுட்டை வரிசையாக விரித்து, அதன் மேல் தகடு போட்டு, அதன் மேல்தான் உருட்ட வேண்டும். நான்கு துண்டு பிளைவுட் போதும். பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம்.

படிகளுக்கு ஒரு வழி உண்டு. நான்கு படி என்றால் திண்ணை சுமார் இரண்டே கால் அடி உயரம் இருக்கும்; ஈச்சர் வண்டியின் தளம் மூன்றரை அடி. தெரு இடம் கொடுத்தால் வண்டியைப் பின்பக்கமாகத் திண்ணை வரை கொண்டுவந்து, இடையில் கனமான பலகைகளைப் பாலமாகப் போட்டால், பெட்டி தரைக்கு இறங்கி மறுபடி படியேற வேண்டியதே இல்லை. வண்டியின் தளத்திலிருந்து திண்ணைக்கு மெல்லச் சறுக்கி இறங்கினால் போதும். பெட்டி வண்டியின் வால் பக்கம் வரும்போது வண்டி தாழும், பெட்டி விலகியதும் வில்லுப்பட்டை சட்டென்று எழும்பும். அந்த நொடியில்தான் பலகை நழுவுகிறது. நான் முன்பு சொன்ன பெட்டி விழுந்ததும் அப்படித்தான். வண்டியின் வாலுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி ஆப்பு அடித்துவிட்டால் இந்த ஆட்டம் இருக்காது. வேலையை எடுத்துக்கொள்பவரிடம் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். ஆப்பைப் பற்றி அவராகவே சொன்னால் அவர் வேலை தெரிந்தவர்; 24,000 கொடுக்கலாம்.

திண்ணை வண்டிக்கு எட்டாவிட்டால், பதினான்கு அடி நீளச் சாய்வுப் பலகை போட்டு, மேலேயிருந்து செயின் புல்லியால் இழுக்க வேண்டியிருக்கும். அந்தச் சரிவில் எடையின் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 140 கிலோ, எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், உராய்வு வேறு. புல்லியைத் திண்ணைத் தூணில் கட்ட விடாதீர்கள். பழைய மரத்தூண்கள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே நட்டவை. பக்கவாட்டு இழுப்புக்கு அவை பழக்கப்பட்டவை அல்ல. அதன் பின் நிலைப்படி. பழைய வீட்டு நிலைப்படி அரை அடிக்குமேல் எழும்பி நிற்கும். அதன் இரு பக்கமும் கட்டை அடுக்கிச் சமதளமாக்க வேண்டும். இதையெல்லாம் விட முன்னதாக, நிலையின் உள் அகலத்தை அளந்து சொல்லுங்கள். கைப்பிடி துருத்திக்கொண்டிருப்பதையும் பெட்டியின் ஆழத்தோடு சேர்த்து அளக்க வேண்டும். வண்டி வாசலில் வந்து நின்றபின் டேப்பைத் தேடிய வீடுகள் நிறைய.

மாடிக்கு வருகிறேன். குடியிருப்பு மாடித் தளங்களை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். உங்கள் பெட்டி அரை சதுர மீட்டரில் உட்கார்ந்து, சதுர மீட்டருக்கு 1,600 கிலோ என்ற வீதத்தில் அழுத்தும். தளம் உடனே இடிந்துவிடும் என்று சொல்லவில்லை, சுமை பரவத்தான் செய்யும். ஆனால் மரஉத்திரமும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மாடியில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. படிக்கட்டு வழியாக மேலே ஏற்றும் ஆபத்து வேறு. உங்கள் மகன் விரும்புகிற பாதுகாப்பு, கீழ்த்தளத்து அறை மூலையில் கல்லைப் பெயர்த்து, கான்கிரீட் படுக்கை போட்டு, பெட்டியை அதில் போல்ட் அடித்துவிட்டால் கிடைத்துவிடும். படுக்கையை வண்டி வருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே போட்டு நீர் ஊற்றி ஆறவிடுங்கள்.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் வந்து, 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தை ஒப்புக்கொண்டு பதிவு செய்யாவிட்டால், சேதத்துக்கு லாரி நிறுவனம் தர வேண்டிய உச்சத்தொகை, வாடகையைப் போலப் பத்து மடங்குதான். நீங்கள் பார்சலில் போட்டால் அது 68,000 ரூபாய். அதுவும் பேசி வாங்க வேண்டும். ஆகவே போக்குவரத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள். அதில் குறைந்த வகைப் பாலிசிகள் தீ, வண்டி கவிழ்தல், மோதல் போன்றவற்றை மட்டுமே ஏற்கும். ஏற்றும்போது பெட்டி கீழே விழுந்தால் ஒன்றும் கிடைக்காது. எல்லா வகை இடரையும் ஏற்கும் 'ஏ' வகைதான் உங்களுக்குப் பொருந்தும். பயன்படுத்திய பொருளுக்குத் தருவார்களா, என்ன நிபந்தனை என்பதை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) என்பதால், அதைத் தவிர்க்க ஒரு மதிப்பு, காப்பீட்டுக்கு இன்னொரு மதிப்பு என்று எழுதிவிடாதீர்கள். இழப்பீடு கேட்கும் நாளில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். பழைய வாங்கிய பில்லின் நகலும், சொந்தப் பொருளை விற்பனைக்கு அல்லாமல் இடம் மாற்றுகிறோம் என்ற கடிதமும் வண்டியில் இருக்கட்டும்.

24,000 கேட்பவரிடம் பேரம் பேசலாம், ஆனால் எதைக் குறைக்கிறார் என்று பார்த்துப் பேசுங்கள். வண்டி காலியாகத் திரும்ப வேண்டியதில்லை, காரைக்குடிப் பக்கம் திரும்புசுமை கிடைக்கிறது என்றால் தொகை இறங்கும். அது நியாயமான இறக்கம். ஆள்களில் இரண்டு பேரைக் குறைத்து, 'அங்கே உள்ளூரில் பிடித்துக்கொள்ளலாம்' என்று இறக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசி இடத்தில், அறை மூலையில் நிறுத்தி மட்டம் பார்த்துக் கொடுப்பது வரை அந்தத் தொகைக்குள் அடக்கம் என்பதை எழுதி வாங்குங்கள். முன்பணம் பாதிக்குமேல் வேண்டாம்.

பெட்டி காரைக்குடியில் நின்றதும், ஆள்கள் கிளம்புவதற்கு முன் சாவியைப் போட்டுத் திறந்து, கதவு திறந்த நிலையில் தண்டுகளை மீண்டும் தள்ளிப் பாருங்கள். மட்டம் சரியில்லாவிட்டால் கதவு தானாக ஆடும், தண்டு உரசும். அடியில் தகட்டுத்துண்டு கொடுத்தால் சரியாகிவிடும், அதை அவர்களே செய்ய வேண்டும். கைப்பிடி இறுகினால் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். எதுவானாலும் டெலிவரி தாளில் 'கைப்பிடி இறுகியுள்ளது', 'இடது மூலை நசுங்கியுள்ளது' என்று கண்ணில் பட்டதை எழுதியபின்தான் கையெழுத்துப் போட வேண்டும். சேதத்துக்கு வழக்குப் போடுவதானால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலமான அறிவிப்பு அவர்களுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். புக்கிங் நாளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், பெட்டி வந்து சேர்ந்த நாளை அல்ல.